கேப்சிடபின் மாத்திரை சிலரை மட்டும் ஏன் சாய்க்கிறது?

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 58 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் கேப்சிடபின் மாத்திரை தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே மருந்து ஒருவருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாமல், இன்னொருவரை முதல் சுற்றிலேயே ஐசியூவுக்குக் கொண்டுபோகிறதாமே, ஏன்? கை கால் தோல் உரியும் என்கிறார்கள், அது உடம்பில் விஷம் ஏறியதற்கு அடையாளமா? முன்கூட்டியே பார்க்க ஏதாவது டெஸ்ட் இருக்கிறதா?"

நான் மருந்தாளுநர். கீமோ மருந்து கலக்கும் அறையிலும் நோயாளிகளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மேசையிலும் பல வருடங்களாக வேலை செய்கிறேன். தோல் உரிவது வேறு கதை, ஐசியூ வேறு கதை. டெஸ்ட் இருக்கிறது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்தால்தான் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் புரியும்.

கேப்சிடபின் வயிற்றுக்குள் போகும்போது புற்றுநோய் மருந்தாகவே இருப்பதில்லை. ஈரலிலும் கட்டியிலும் மூன்று படி மாறி, கடைசியில் 5-எஃப்யூ என்ற பழைய ஊசி மருந்தாக ஆகிறது. ஆகவே நாம் பேச வேண்டியது 5-எஃப்யூவைப் பற்றி.

1954இல் அமெரிக்காவில் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஈரலில் வளர்ந்த புற்றுக்கட்டி நல்ல ஈரலைவிட அதிகமாக யுராசிலை இழுத்துக்கொள்வது தெரிந்தது. யுராசில் என்பது உயிரணு தன் மரபுப் பொருளைக் கட்டப் பயன்படுத்தும் செங்கற்களில் ஒன்று. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்ல்ஸ் ஹைடல்பெர்கர் இந்த ஒரு தகவலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கட்டி யுராசிலுக்கு அலைகிறதென்றால், அச்சு அசலாக யுராசில் போலவே இருக்கும் ஒரு போலிச் செங்கல்லைக் கொடுத்துப் பார்க்கலாமே? ரோஷ் நிறுவன வேதியியலாளர்களோடு சேர்ந்து, யுராசில் வளையத்தின் ஐந்தாவது இடத்தில் உள்ள ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஒரு ஃப்ளூரின் அணுவை வைத்தார்கள். அதுதான் பெயரில் இருக்கும் அந்த 5. 1957இல் நேச்சர் இதழில் வெளிவந்தது, 1962இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆயிரம் பொருள்களைச் சோதித்துக் கண்டெடுத்ததல்ல இது. யோசித்து வடிவமைத்த மருந்து. அறுபது வருடங்களுக்கு மேலாகியும் குடல், இரைப்பை, மார்பகம், கழுத்துப் புற்றுகளுக்கு இதை இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

போலிச் செங்கல் போய் ஒரு நொதியில் ஒட்டிக்கொள்ளும். டிஎன்ஏவில் டி என்று குறிக்கப்படும் எழுத்தைத் தயாரிக்கும் நொதி அது. ஒட்டியதும் நொதி அப்படியே உறைந்துவிடும். டி இல்லாமல் புது டிஎன்ஏ எழுத முடியாது, அதனால் பெருகத் துடிக்கும் உயிரணு செத்துப்போகும். வேகமாகப் பெருகுவது கட்டி மட்டுமல்ல, வாயின் உள்தோல், குடலின் உள்பூச்சு, எலும்பு மஜ்ஜை எல்லாமே அப்படித்தான். வாய்ப்புண், பேதி, வெள்ளணு குறைதல் என்று இந்த மருந்தின் வழக்கமான தொல்லைகள் மூன்றும் இங்கிருந்துதான் வருகின்றன.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். உள்ளே போகும் 5-எஃப்யூவில் 100 பங்குக்கு 80 பங்கை, சில சமயம் அதற்கும் மேல், டிபிடி என்ற ஈரல் நொதி உடைத்துப் போட்டுவிடும். கொஞ்சம் சிறுநீரில் போகும். கட்டியைக் கொல்லும் வடிவமாக மாறுவது மிச்சமிருக்கும் ஒரு சில பங்குதான். மருத்துவர் எழுதும் அளவில் இந்தச் சேதாரம் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. நகைக்கடையில் சேதாரம் போட்டுத் தங்கம் எடை போடுவது மாதிரி. ஈரல் எண்பதை எறிந்துவிடும் என்று நம்பித்தான் அவ்வளவு கொடுக்கிறோம். பிறவியிலேயே அந்த நொதி பாதிதான் வேலை செய்யும் என்றாலோ, அறவே வேலை செய்யாது என்றாலோ, எறிய வேண்டியது எறியப்படாமல் உடம்பிலேயே சுற்றும். சீட்டில் எழுதிய அளவு சரியாக இருக்கும், எடுத்துக் கொடுத்தவர் கையிலும் பிழை இருக்காது, ஆனாலும் அந்த ஆளுக்கு அது பல மடங்கு அதிக அளவு. முதல் சுற்றிலேயே வாய் முழுக்கப் புண், நிற்காத பேதி, வெள்ளணு சுழியத்துக்குப் பக்கம், காய்ச்சல், மயக்கம் என்று படுத்துவிடுவார்கள். சிலர் இறந்தும் போயிருக்கிறார்கள்.

இந்தக் குறை இருப்பவருக்கு அதுவரை பெரும்பாலும் எந்த அடையாளமும் இருக்காது, அதுதான் கொடுமை. நன்றாகச் சாப்பிட்டு, வேலை பார்த்து, பிள்ளை பெற்று, ஒரு குறையுமில்லாமல் 60 வருடம் வாழ்ந்திருப்பார். அந்த நொதியின் ஊனம் முதன்முதலாக வெளியே தெரிவதே 5-எஃப்யூ உள்ளே போகும் அன்றுதான்.

1985இல் இது முதலில் பிடிபட்டது. மார்பகப் புற்றுநோய் இருந்த 27 வயதுப் பெண்ணுக்கு 5-எஃப்யூ சேர்ந்த கீமோ கொடுத்ததும் தாங்க முடியாத நச்சு விளைவுகள் வந்தன. ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தால் யுராசில் குவிந்து கிடந்தது. அசல் யுராசிலையும் உடைப்பது இதே நொதிதான், அதனால்தான் அந்தக் குவியல். குறை குடும்ப வழியில் வருவது என்பதும் அப்போதே புரிந்தது. 1988இல் அமெரிக்காவில் ராபர்ட் டயாசியோ குழு இன்னொரு நோயாளியிடம் டிபிடி நொதியே இல்லை என்று நேரடியாக அளந்து காட்டியது.

அதன் பிறகு ஜப்பானில் நடந்தது, என் பார்வையில், மருந்து வரலாற்றிலேயே மிகவும் வேதனையானவற்றில் ஒன்று. 1993இல் சொரிவுடின் என்ற புது மாத்திரை அங்கே கடைக்கு வந்தது. அக்கிக்கான மருந்து. புற்றுநோயாளிகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் அக்கி அடிக்கடி வரும். 5-எஃப்யூ வகை மாத்திரை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், அக்கி வந்ததும் இதையும் சாப்பிட்டார்கள். சொரிவுடினைக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் உடைத்தன. உடைந்து வந்த பொருள் ஈரலுக்குப் போய் டிபிடி நொதியில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. பிறவியில் அந்தக் குறை இல்லாதவர்களுக்கும் சில நாளில் டிபிடி இல்லாமல் போயிற்று. சுமார் 40 நாளில் 15 பேர் இறந்தார்கள். அக்கி மருந்து கொல்லவில்லை, அதுவரை தாங்கிக்கொண்டிருந்த கீமோ மாத்திரை கொன்றது. மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த பிரிவுடின் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் அக்கிக்கு இன்னும் கொடுக்கப்படுகிறது, 5-எஃப்யூவுக்கும் அதற்கும் குறைந்தது 4 வார இடைவெளி வேண்டும் என்ற கடுமையான எச்சரிக்கையோடு. நோயாளி வாங்கும் எல்லா மருந்தையும் ஒரே ஒரு ஆளாவது உட்கார்ந்து மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

சரி, டெஸ்ட். இரண்டு வழி. ஒன்று, ரத்தத்தில் யுராசில் எவ்வளவு என்று அளப்பது. மில்லிலிட்டருக்கு 16 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் நொதி ஒழுங்காக வேலை செய்கிறது. 16ஐத் தாண்டினால் பகுதிக் குறை என்று எடுத்துக்கொள்வார்கள். 150ஐத் தாண்டினால் இந்த மருந்தே கூடாது. ரத்தத்தை எடுத்ததும் குளிரில் வைத்துச் சீக்கிரம் பிரிக்காவிட்டால் குழாயிலேயே யுராசில் ஏறிவிடும், அதனால் ஒழுங்காகச் செய்யும் ஆய்வகம் வேண்டும். இன்னொன்று, டிபிடி நொதியைத் தயாரிக்கும் டிபிஒய்டி என்ற மரபணுவைப் படிப்பது. ஆபத்து என்று நன்றாக நிரூபணமான நான்கு மாற்றங்களைத் தேடுவார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்தால் போதும்.

நெதர்லாந்தில் 1,103 நோயாளிகளிடம் இந்த நான்கையும் முன்கூட்டியே தேடிப் பார்த்து, இருந்தவர்களுக்கு அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். 2018இல் அந்த முடிவு வெளியானது. 85 பேரிடம், அதாவது 100க்கு 8 பேரிடம், ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. பிரான்ஸ் அதே வருடம் யுராசில் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. 2020 ஏப்ரலில் ஐரோப்பிய மருந்து முகமை, 5-எஃப்யூவோ கேப்சிடபினோ தொடங்குமுன் எல்லோருக்கும் டிபிடி பரிசோதனை செய்யப் பரிந்துரைத்தது. 1985க்கும் 2020க்கும் நடுவில் 35 வருடம். அத்தனை காலம் முதல் சுற்றுதான் பரிசோதனையாக இருந்தது, நோயாளியின் உடம்புதான் ஆய்வகமாக இருந்தது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த நான்கு மாற்றங்களும் பெரும்பாலும் ஐரோப்பியர்களிடம் தேடிக் கண்டவை. ஆப்பிரிக்க வழியினரிடம் வேறொரு மாற்றம் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. ஆகவே நம்மவருக்கு மரபணு அறிக்கையில் 'இல்லை' என்று வந்தால், ஆபத்து குறைவு என்றுதான் அர்த்தம், அறவே இல்லை என்றல்ல. அறிக்கை சரியாக இருந்தாலும் முதல் மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத்தான் வேண்டும். பகுதிக் குறை என்று வந்தாலும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பாதி அளவில் தொடங்கி, உடம்பு தாங்குவதைப் பார்த்து ஏற்றிக்கொண்டே போவார்கள். அவர்களுக்கு அந்தப் பாதியே முழு அளவு, ஆகவே கட்டியின் மேல் வேலை பொதுவாகக் குறைவதில்லை.

5-எஃப்யூ மிஞ்சிப்போனால் கொடுக்க விஷமுறிவு மருந்து ஒன்று இருக்கிறது, யுரிடின் டிரைஅசிடேட். உண்மையான செங்கல்லை உடம்புக்குள் கொட்டி, போலியை நெரிசலில் தள்ளிவிடும் வேலை. அமெரிக்காவில் 2015 டிசம்பரில் அனுமதித்தார்கள். குருணையாக இருக்கும், தயிர் மாதிரி மெத்தென்ற உணவில் கலந்து 6 மணிக்கு ஒருமுறை 20 வேளை கொடுக்க வேண்டும். கடைசி கீமோவிலிருந்து 96 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். இதைத் தேட வைத்தவை பெரும்பாலும், 5-எஃப்யூவை ரத்தத்தில் மெல்ல ஏற்றும் பம்ப் கருவியில் நேர்ந்த விபத்துகள். 2006இல் கனடாவின் எட்மண்டனில் ஒரு பெண்ணுக்கு 4 நாளில் இறங்க வேண்டிய 5-எஃப்யூ 4 மணி நேரத்தில் இறங்கிவிட்டது. மணிக்கு 1.2 மில்லிலிட்டர் போக வேண்டும். ஒரு நாளைக்கான கணக்கு 28.8. இரண்டு எண்ணும் மருந்துப் பையின் சீட்டிலேயே இருந்தன. கணக்கில் 24ஆல் வகுப்பது விட்டுப்போய் 28.8 வந்தது, சீட்டைப் பார்த்தால் அங்கேயும் 28.8 இருந்தது, ஒத்துப்போகிறது என்று பம்பில் அடித்துவிட்டார்கள். இரண்டு செவிலியர் சரிபார்த்தும் இப்படி. மூன்று வாரத்தில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு எங்கள் அறையில் நான் எழுதும் சீட்டில் ஒரே ஒரு எண்தான் இருக்கும், மணிக்கு எவ்வளவு என்பது மட்டும்.

அந்த விஷமுறிவு மருந்து நம் பக்கத்து மருத்துவமனை அலமாரிகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. ஆகவே நமக்கு முன்கூட்டிய பரிசோதனை இன்னும் முக்கியம்.

இதயத்தைப் பற்றியும் மூளையைப் பற்றியும் சுருக்கமாக. உடைந்த 5-எஃப்யூவின் மிச்சத்திலிருந்து கொஞ்சம் ஃப்ளூரோஅசிடேட்டாக மாறுவதாகக் கருதுகிறார்கள். எலிகளைக் கொல்ல வைத்த அதே விஷம். உயிரணுவின் எரிசக்திச் சக்கரத்தில் கட்டையைப் போடும். சிலருக்கு ரத்தத்தில் அம்மோனியா ஏறி, பேச்சு குழறும், தூங்கிக்கொண்டே இருப்பார்கள், ஆளே மாறிப்போவார்கள். கீமோ களைப்பு என்று வீட்டில் விட்டுவிடுவதுதான் ஆபத்து. ஓர் அம்மோனியா பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும், மருந்தை நிறுத்திக் கவனித்தால் பெரும்பாலோர் தெளிந்துவிடுகிறார்கள். நெஞ்சு வலி இன்னொன்று. இதயக் குழாய் திடீரென்று இறுகிக்கொள்ளும், குழாயில் அடைப்பே இல்லாதவருக்கும் வரும், பெரும்பாலும் முதல் சுற்றின் முதல் சில நாளிலேயே. வந்தால் அடுத்த மாத்திரை கிடையாது, நேராக அவசரப் பிரிவு.

இனி கை கால். கை-கால் நோய்க்குறி என்றே இதற்குப் பெயர். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வாழ்க்கையைப் பிடுங்கிக்கொள்ளும். கேப்சிடபின் சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் வருகிறது. முதலில் எரிச்சல், முள் குத்துவது மாதிரி. பிறகு சிவந்து, வீங்கி, வெடித்து, உரியும். புத்தகங்களில் 'சிவப்பு' என்று எழுதியிருக்கும். நம் தோலில் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் தவறவிட்டுவிடுவோம். நமக்கு உள்ளங்கை ரேகைகள் மை தடவியது போலக் கறுக்கும், பாதத்தில் கரும்புள்ளிகள் விழும், தோல் தடித்துப் பளபளக்கும். என்னிடம் மாத்திரை வாங்க வந்த பீடி சுற்றும் அம்மா ஒருவர், கேட்டால் 'ஒண்ணும் இல்ல' என்றுதான் சொன்னார். ரூபாய் நோட்டை எண்ணும்போது பார்த்தேன், விரல் நுனியால் பிரிக்க முடியாமல் இரண்டு கை ஓரங்களாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். இலையை மடிக்கும் நுனி முழுவதும் வெடித்திருந்தது. அன்றைக்கே மருத்துவரிடம் பேசி ஒரு வாரம் நிறுத்தி, அளவைக் குறைத்துத் தொடங்கினோம். நடக்கவோ வேலை செய்யவோ முடியாத வலி வந்தால் நிறுத்தி, ஆறியதும் குறைத்துத் தொடங்குவதுதான் முறை.

ரேகையே அழிந்துபோவதும் உண்டு. சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயதுக்காரர் ஒருவர் 2008 டிசம்பரில் உறவினரைப் பார்க்க அமெரிக்கா போனபோது, விமான நிலையத்தில் கைரேகை பதியாததால் நான்கு மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டார். கேப்சிடபின் மூன்று வருடத்துக்கும் மேலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய மருத்துவர் 2009இல் அதை ஒரு புற்றுநோய் இதழில் எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. நம் ஊரில் ரேஷன் கடையிலும் வங்கியிலும் விரல் வைக்கச் சொல்கிறார்கள், ஆகவே அம்மாவின் ரேஷனுக்கு அட்டையில் உள்ள இன்னொருவர் போய் வரலாம். ஆதாரில் கருவிழியும் பதிவாகியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதற்குத் தடுப்பு கண்டுபிடித்தது நம் நாடு என்பதில் எனக்குப் பெருமை. வைட்டமின் பி6 மாத்திரையை உலகம் முழுக்க வருடக்கணக்கில் எழுதினார்கள், முறையாகச் சோதித்தபோது அதனால் பலன் தெரியவில்லை. டெல்லி எய்ம்ஸில் 264 நோயாளிகளிடம், மூட்டு வலிக்குத் தடவும் சாதாரண டைக்ளோஃபெனாக் 1 சதவீத ஜெல்லைக் கையில் தினம் இரண்டு வேளை 12 வாரம் தடவச் சொன்னார்கள். வெறும் ஜெல் தடவியவர்களில் 100க்கு 15 பேருக்கு நடுத்தர அல்லது கடுமையான அளவில் வந்தது, மருந்து ஜெல் தடவியவர்களில் 4 பேருக்கும் குறைவு. 2024இல் வெளியான ஆய்வு. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் குழாய் அது. அம்மாவின் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள். யூரியா களிம்பும் நல்லது. சுடுதண்ணீரில் பாத்திரம் தேய்ப்பது, வெறுங்காலில் வெயில் தரையில் நடப்பது, இறுக்கமான செருப்பு இதெல்லாம் இந்த ஆறு மாதம் வேண்டாம்.

வீட்டில் ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்து, தினம் எத்தனை முறை வெளிக்குப் போனார் என்று குறித்து வாருங்கள். வழக்கத்தைவிட நாலு தடவையோ அதற்கு மேலோ அதிகமானாலோ, இரவில் எழுந்து போனாலோ, சாப்பிட முடியாத அளவுக்கு வாய்ப்புண் வந்தாலோ, காய்ச்சல் 100.4ஐத் தொட்டாலோ, அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கூப்பிடுங்கள். 'கோர்ஸை முடிக்க வேண்டுமே' என்று இழுத்துப் பிடித்துச் சாப்பிட்டவர்களைத்தான் நான் ஐசியூவில் பார்த்திருக்கிறேன். ஓரிரு வேளை விடுவதால் நோய் திரும்பிவிடாது. 14 நாள் மாத்திரை முடிந்து ஓய்வு வாரம் வந்த பிறகும் இந்தக் கணக்கை விடாதீர்கள், வெள்ளணு கடைசியில் இறங்குவதும் உண்டு. மாத்திரை சாப்பாடு முடிந்த அரை மணிக்குள், தண்ணீரோடு.

தொடங்குமுன் சிறுநீரகத்தின் கிரியேட்டினின் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள், சிறுநீரகம் சுணங்கியிருந்தால் கேப்சிடபின் அளவைக் குறைக்க வேண்டும், மிகவும் கெட்டிருந்தால் கொடுக்கவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாரா, வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லிவிடுங்கள், இரண்டையும் இது ஏற்றிவிடும். டிபிடி பரிசோதனையை உங்கள் மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அறிக்கை வரச் சில நாள் ஆகும், அதற்காக ஒரு வாரம் தள்ளித் தொடங்கலாமா என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம், இன்றைக்கே அம்மாவின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 'சத்து மாத்திரை' என்று எழுதிக் கொடுத்த அட்டையின் பின்புறம் ஃபோலிக் அமிலம் என்று இருக்கிறதா என்று படியுங்கள். இந்தப் போலிச் செங்கல் நொதியில் இறுக ஒட்டுவதற்கே ஃபோலேட்தான் துணை, அதனால் நச்சு விளைவைத் தூக்கிவிடும். இருந்தால் அட்டையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.